படிமத்திலிருந்து பிளாப்பித் தகட்டுக்கு

கோலார் தங்கவயலில் சுரங்க வேலை 2001ஆம் ஆண்டில் நின்றது. நந்திதுர்க் முதலிய சுரங்கங்களின் தாதுவை அரைத்து, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மணல் மேடுகள் இன்றும் நிற்கின்றன. அம்மணலில் சிறிதளவு பொன் எஞ்சியிருக்கிறது. பழைய காந்தத் தகட்டிலும் இங்ஙனமே முன்னைய பதிவின் மிச்சம் தங்குவதுண்டு. மணலில் எஞ்சிய பொன் பயனுடையது; தகட்டில் எஞ்சிய பதிவோ கேடு செய்வது. இதன் காரணத்தை ஆராய்வோம்.

1984ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு ஏக்கார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் வந்தன. அவற்றின் பாடங்களும் விளையாட்டுகளும் இன்று பெரும்பாலும் படிமக் கோப்புகளாகவே காக்கப்படுகின்றன. பழைய பொறியில் அவற்றை இயக்கிக் காட்ட விரும்பும் ஆசிரியர், படிமத்தை மீண்டும் ஐந்தேகால் அங்குலத் தகட்டில் எழுத வேண்டும்.

இக்கணிப்பொறியின் வழக்கமான அமைப்பில் தகட்டின் ஒரு பக்கத்தில் 40 அல்லது 80 தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடமும் 10 பகுதிகள் கொண்டது. ஒவ்வொரு பகுதியிலும் 256 பைட்டுகள் அடங்கும். ஆகவே 40 தடப் படிமம் 1,02,400 பைட்டும், 80 தடப் படிமம் 2,04,800 பைட்டும் ஆகும். முடிவிலுள்ள வெற்றிடத்தை விட்டுவிட்ட படிமம் இதனினும் சிறிதாயிருக்கலாம். இப்பதிவு ஒற்றை அடர்த்தி முறையைச் சார்ந்தது. பிற்காலக் கணிப்பொறிகள் பலவற்றின் தகட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு இம்முறையை அறியாது. அப்போது கிரீஸ்வீசல் போன்ற கருவியை உபயோகிக்கலாம்; அது காந்தத் திசை மாறும் கால அளவுகளையே நேராகத் தகட்டில் பதிக்கும்.

இனி மிச்சப் பதிவைக் கவனிப்போம். 40 தட இயக்கி பதிக்கும் தடத்தின் அகலம் சுமார் 0.33 மில்லிமீட்டர், 80 தட இயக்கியின் தடமோ சுமார் 0.16 மில்லிமீட்டரே. முன்பு 40 தட இயக்கியில் பதிந்த தகட்டின்மேல் 80 தட இயக்கியால் எழுதினால், புதிய பதிவின் ஓரத்தில் பழையது அழியாமல் நிற்கும். எழுதிய இயக்கியே படித்துப் பார்த்தால் பிழை தோன்றாது; 40 தட இயக்கியின் அகன்ற தலையோ இரண்டையும் சேர்த்தே படித்துத் தடுமாறும். ஆதலால் 40 தடப் படிமத்தை 40 தட இயக்கியிலேயே எழுதுக. இயலாவிடில், ஒருபோதும் பதியாத தகட்டையோ காந்த அழிப்பானால் முற்றும் அழித்த தகட்டையோ எடுத்து, தலையை இரண்டிரண்டு படியாக நகர்த்தி எழுதுக. அதிக அடர்த்தித் தகடு இதற்கு ஆகாது. அதன் பூச்சுக்கு ஏறத்தாழ இருமடங்கு வலிய காந்தப்புலம் வேண்டும்.

எழுதியபின் பழைய பொறியின் இயக்கியிலேயே படித்துச் சரிபார்த்தல் அவசியம். எல்லாவற்றினும் முக்கியமான விதி ஒன்றுண்டு. பள்ளியிலுள்ள மூலத் தகட்டில் ஒருக்காலும் எழுதலாகாது. அதன் ஓரப் பிளவை ஒட்டுத்தாளால் மூடிவிடுக; இயக்கி எழுத மறுக்கும். அத்தகட்டில் அன்றைய மாணவர் எழுதிய நிரல்கள் இருக்கலாம். அழிந்தால் அவற்றுக்கு வேறு படி இராது. பூஞ்சை படிந்த தகட்டைத் தூய்மை செய்யாமல் செருகினால் தகடும் கெடும், இயக்கியின் தலையும் அழுக்கேறும்.

மாணவருக்கு ஒரு கணக்கு: தகடு நிமிடத்திற்கு 300 முறை சுழல்கிறது. ஒரு தடம் எழுத ஒரு சுற்று போதுமெனில், 40 தடங்களுக்குத் தலை நகரும் நேரம் நீங்கலாக எத்தனை வினாடி ஆகும்? விடை: 8 வினாடி.