ஆடாமல் ஆடுவது

கேள்வி: என் மகள் பரதநாட்டியம் பழகுகிறாள். அரங்கேற்றம் நெருங்குகிறது. தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே ஆடிப் பார்க்கும்படி ரீச்சர் சொல்லியிருக்கிறார். அசையாமல் உட்கார்ந்திருப்பது எப்படிப் பயிற்சியாகும்?
– ஒரு வாசகி, மொன்றியல்

பதில்: ஆகும், ஏற்கெனவே ஆடிப் பழகிய உடம்புக்கு. இதற்கான நல்ல சான்றுகள் சில உங்கள் ஊரிலேயே கிடைத்தவை. 1934இல் மொன்றியல் நரம்பியல் நிறுவகத்தைத் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளை விழித்திருக்க வைத்தே அறுவை செய்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுப் பார்த்தார். (மூளைக்கு வலி தெரியாது.) இயக்கப் புறணி என்ற பட்டையில் ஓரிடத்தைத் தொட்டால் கை அசையும். ஆனால் அசைத்தது தாங்கள் அல்ல, மருத்துவர்தான் என்றே நோயாளிகள் சொன்னார்கள். கை அசைய அந்தப் பட்டை போதும். நான் அசைக்கிறேன் என்ற உணர்வு வர அது போதவில்லை. எண்ணமும் திட்டமும் அதற்கு முந்திய படிகளில் உருவாகின்றன என்று கொள்ள இது இடம் தருகிறது. அந்தப் படிகள் ஓடி, கடைசிக் கட்டளை மட்டும் தசைக்குப் போகாமல் நின்றுவிட்டால், அதுவே மனதுக்குள் ஆடுவது என்று கருதுகிறேன்.

மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பால் சிசெக்கும் ஜான் கலாஸ்காவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. கையசைத்துத் திரைக்குறியை நகர்த்த நன்றாகப் பழகிய குரங்குகளை, அதே ஆட்டத்தைச் சும்மா பார்க்க விட்டார்கள். இயக்கப் புறணிக்கு முன்னால் உள்ள பகுதியில், அந்த வேலையில் பங்கெடுக்கும் செல்களில் பெரும்பாலானவை, செய்யும்போது துடித்ததைப் போலவே துடித்தன. கண் கண்டதற்கு மூளை எதிரொலித்தது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். திரையில் எதுவும் நகரத் தொடங்கும் முன்பே, எந்தத் திசை என்ற குறிப்பு மட்டும் தெரிந்த காத்திருப்பு நேரத்திலும் அந்தத் துடிப்பு இருந்தது. இன்னும் நடக்காத அசைவைக் கண் பார்த்திருக்க முடியாது. மனிதர்களிடமும் பலன் தெரிகிறது. 1992இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், சுண்டுவிரலைப் பலமாக அழுத்துவதாக நான்கு வாரம் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கு விரலின் வலு 22 சதவீதம் கூடியது. உண்மையாகவே அழுத்தியவர்களுக்கு 30.

அப்படியானால் வியர்க்க வியர்க்க ஆடுவது எதற்கு? பிழையைக் காட்ட உடம்பு வேண்டும் என்பதற்காக. மொன்றியலின் பிரெண்டா மில்னர், புதிய நினைவுகளே பதியாத எச்.எம். என்ற நோயாளியை, கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றின் விளிம்பை வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை தேறியது. முன்பு வரைந்த நினைவோ அவருக்குத் துளியும் இல்லை. கோடு பிசகுவதும் கை திருத்திக்கொள்வதுமாகவே அந்தத் தேர்ச்சி வந்தது. கற்பனையில் கோடு பிசகுவதில்லை, அரைமண்டி உயர்ந்துபோவதும் இல்லை. ஆகவே தவறாகப் பதிந்த அடவை மனதில் நூறு தடவை ஆடினால் தவறே இறுகும் என்று அஞ்சுகிறேன். வகுப்பில் ஆசிரியை திருத்திய அன்றே, அந்தத் திருத்தம் காலில் இருக்கும்போதே, மகள் உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். சபையிலிருந்து தன்னைப் பார்ப்பதுபோல் வேண்டாம். பாதம் தரையில் விழுவதையும் தொடை இறுகுவதையும் உள்ளிருந்து உணரட்டும். நடப்பதாகக் கற்பனை செய்தால், உண்மையில் நடக்கும் அளவுக்கே நேரமும் பிடிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே சொற்கட்டை ஒலிக்க விட்டுச் சோதியுங்கள். தாளம் முடியும் முன்பே அவள் மனதில் தீர்மான அடவு முடிந்துவிட்டால், அங்கே அவள் ஆடவில்லை, படம் பார்க்கிறாள். எழுந்து ஒருமுறை ஆடிவிட்டு, மறுபடி உட்காரட்டும்.