கல்லில் வடித்த இறுதிக் கடன்கள்

எகிப்து என்றதும் பிரமிடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அந்நாட்டார் இறந்தோர்க்கு ஆற்றிய இறுதிக் கடன்களை அறிய வேண்டுமாயின், கல்லறைச் சுவர்களில் அவர்கள் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களையே நாம் காண வேண்டும்.

முதலில் சுவரைச் சமன் செய்து, செந்நிறக் கோடுகளால் உருவங்களை வரைந்தனர். தலைமைக் கலைஞர் பிழைகளைக் கருநிறக் கோட்டால் திருத்தினார். பின்னரே உளி பேசிற்று. இறுதியில் வண்ணம் தீட்டப்பெற்றது. பணி முற்றுப்பெறாத ஓரம்கெபு மன்னனின் கல்லறையில் இக்கோடுகளை இன்றும் காணலாம்.

நைல் ஆற்றின் மேற்கே சக்காரா என்னும் இடுகாடு உள்ளது. அங்கே, கி.மு. 2300 அளவில் வாழ்ந்த அங்மாகோர் என்னும் அலுவலரின் கல்லறையில் துயரக் காட்சி ஒன்று உண்டு. ஆடவரும் பெண்டிரும் கைகளை உயர்த்தி அழுகின்றனர். சிலர் மயங்கிச் சாய, அருகிருப்போர் தாங்கிக் கொள்கின்றனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்துயரம் நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

அதே சக்காராவில் மெரெருக்கா என்னும் அமைச்சரின் கல்லறை 30-க்கும் மேற்பட்ட அறைகளை உடையது. அங்குள்ள மாடத்திலிருந்து அவருடைய சிலை வெளியே அடியெடுத்து வைப்பதுபோல் நிற்கின்றது. அதன் முன் படையல் வைக்கும் கல் உள்ளது. இத்தகைய கல்லறைகளின் சுவர்களில், அப்பம், இறைச்சி, பறவை முதலியவற்றைச் சுமந்து பணியாளர் வரிசையாக வருகின்றனர். ஒரு குரு நீர் வார்க்கின்றார். மற்றொருவர் ஏட்டைப் படிக்கின்றார். சடங்கு முடிந்ததும் இன்னொருவர் துடைப்பத்தால் தம் காலடிச் சுவடுகளை அழித்தவாறே வெளியேறுகின்றார்.

மன்னர்களின் பள்ளத்தாக்கில் உள்ள முதலாம் செத்தி மன்னனின் கல்லறை 1817-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அங்கே 'வாய் திறக்கும் சடங்கு' செதுக்கப்பட்டுள்ளது. சிறுத்தைத் தோல் போர்த்திய குரு, தச்சர் கையாளும் வாய்ச்சி போன்ற கருவியால் சிலையின் வாயைத் தொடுகின்றார். இதனால் இறந்தவர் மீண்டும் உண்ணவும் பேசவும் மூச்சுவிடவும் வல்லவராவார் என்பது அவர்தம் நம்பிக்கை.

இத்தகைய கல்லறைகள் அரசர்க்கும் செல்வர்க்குமே வாய்த்தன. உழுதவரும் சுமந்தவரும் எளிய மணற்குழிகளில் அடங்கினர். ஆயினும், அச்சுவர்களை நிறைத்து நிற்பவர்கள் அவ்வுழைப்பாளிகளே என்பதை நாம் மறத்தலாகாது.

படையல் என்றும் நிலைக்காது என்பதை எகிப்தியர் அறிந்திருந்தனர். ஆகவே, பல கல்லறைகளில் வழிப்போக்கர்க்கு ஒரு வேண்டுகோளையும் பொறித்தனர். பொருள் ஒன்றும் தர வேண்டா. இறந்தவரின் பெயரையும் படையல் உரையையும் வாய்விட்டுப் படித்தாற் போதும் என்பதே அது.

ஆனால், நடந்தது என்ன? கி.பி. 394-க்குப் பிற்பட்ட, ஆண்டு குறித்த சித்திர எழுத்துக் கல்வெட்டு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கற்பாரின்மையால் அவ்வெழுத்து மறைந்தது. 1822-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சாம்பொலியன் அதன் மறைபொருளை விளக்கும்வரை, ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் அவ்வேண்டுகோளைப் படிப்பாரில்லை. கல் நிலைத்திருந்தது, படிக்கும் வாய்தான் இல்லை.

மாணவச் செல்வங்களே! கல்லினும் வலியது கற்கும் மாந்தரின் நா. எழுத்தைக் கற்பவர் உள்ளவரை முன்னோர் சொல் வாழும். அந்நா நம்முடையதாகட்டும்!