நியூயார்க் மேற்றிராசனத்தின் இரு பேராலயங்கள்

'கதீட்ரா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஆசனம் என்பது பொருள். மேற்றிராணியாரின் ஆசனம் எங்குளதோ அதுவே தலைமை ஆலயம். அளவும் அழகும் பின்னர் வருவன. 'மேற்றிராசனம்' என்னும் நம் சொல்லிலும் ஆசனம் இருத்தலைத் தமிழ் பயில்வார் நோக்குக. ஆசனம் இருக்க, அமர்வார் இன்றித் தொடங்கியதொரு மேற்றிராசனத்தின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

நியூயார்க் மேற்றிராசனம் 1808-ம் ஆண்டில் நிறுவப்பெற்றது. முதல் மேற்றிராணியார் கொன்கானன் உரோமையில் அபிஷேகம் பெற்றும், நெப்போலியன் காலத்துக் குழப்பங்களால் கப்பலேற இயலாது, 1810-ல் நேப்பிள்ஸ் நகரில் உயிர்நீத்தார். அவர் வரவை நோக்கிப் பணி நிற்கவில்லை. சேசு சபைக் குரு கோல்மன் முயற்சியால் மல்பெரித் தெருவில் 1809-ல் அடிக்கல் நாட்டப்பெற்ற அர்ச். பத்திரிசியார் ஆலயம், 1815-ல் திறக்கப்பெற்றது. இரண்டாம் மேற்றிராணியார் கொன்னலி வந்து சேர்ந்ததோ அவ்வாண்டின் பிற்பகுதியில்.

வளர்ச்சி பகையையும் உடன் கொணர்ந்தது. 1844-ல் பிலடெல்பியாவில் கத்தோலிக்க ஆலயங்கள் இரண்டு கொளுத்தப்பட்டன. செய்தி கேட்ட மேற்றிராணியார் ஹியூஸ், தம் ஆலயங்களுக்கு ஆயுதந்தாங்கிய காவலரை நிறுத்தினார். நியூயார்க்கில் ஓர் ஆலயமும் எரியவில்லை. அடுத்த ஆண்டு அயர்லாந்தில் பஞ்சம் தோன்றிற்று. அது துரத்தக் கடல் கடந்து வந்த ஏழைகளால் பழைய ஆலயம் இடம் போதாதாயிற்று. 1850-ல் நியூயார்க் அதிமேற்றிராசனமாக உயர்ந்தது.

இளமையில் தோட்ட வேலை செய்து பிழைத்த ஹியூஸ், 1858-ல் ஐந்தாம் அவென்யூவில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்நாளில் அவ்விடம் ஊருக்குப் புறம்பே கிடந்தது. 'ஹியூஸின் மடமை' என்று மக்கள் நகைத்தனர். செல்வர் 100-க்கு மேற்பட்டோர் ஆளுக்கு 1000 டாலர் தருவதாக ஒப்பினர். ஏழைகளின் சில்லறைக் காசுகளும் சேர்ந்தன. உள்நாட்டுப் போர் வரவே வேலை நின்றது. 1864-ல் ஹியூஸ் இறந்தபோது சுவர்கள் அரைகுறையாகவே இருந்தன. இரண்டாண்டில் பழைய ஆலயமும் தீக்கிரையாக, அதனையும் புதுப்பிக்க நேர்ந்தது!

சிற்பி ரென்விக் வகுத்த அப்பேராலயத்தைக் கர்தினால் மக்லாஸ்கி 1879-ல் திறந்துவைத்தார். 330 அடி உயரமுள்ள இரு கோபுரங்களும் 1888-ல் முற்றுப்பெற்றன. எனினும், கடன் தீராத ஆலயத்தை முறைப்படி அபிஷேகம் செய்தல் அந்நாளைய திருச்சபை விதிக்கு ஒவ்வாது. அக்கடன் தீர்ந்து அபிஷேகம் நிகழ்ந்தது 1910-ல். அடிக்கல்லுக்கும் அதற்கும் இடையே 52 ஆண்டுகள்! இன்று ஊரின் நடுவே நிற்கும் அதனை மடமையென்பார் யாருமில்லை.

ஆயினும், நம் மனத்தைக் கவர்வது மல்பெரித் தெருப் பழைய ஆலயமே. பங்கு ஆலயமாய் ஒடுங்கிக் கிடந்த அதற்கு 2010-ல் பசிலிக்கா என்னும் சிறப்புக் கிடைத்தது. ஹைத்தி நாட்டில் அடிமையாய்ப் பிறந்து, நியூயார்க்கில் சிகையலங்காரத் தொழிலால் ஈட்டிய பொருளை ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் வழங்கிய பியேர் தூசேன், 1853-ல் இறந்து அதன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். 1990-ல் அவருடைய எலும்புகள் ஐந்தாம் அவென்யூப் பேராலயத்துக்குக் கொணரப்பட்டு, பீடத்தின் கீழுள்ள நிலவறையில், ஹியூஸ் முதலிய அதிமேற்றிராணியார்களின் அருகே வைக்கப்பெற்றன.