ஷுக்ரும் கல்லாப்பெட்டியும்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் நம் ஜவுளிக்கடைகளில் நிற்க இடமிராது. இரவு கல்லாவைப் பூட்டுகையில் "அல்ஹம்து லில்லாஹ்" என்கிறோம். வாய் சொல்கிறது, மனமோ அடுத்த கடையின் வியாபாரத்தைக் கணக்கிடுகிறது.

திருக்குர்ஆனின் 34ஆம் சூராவாகிய ஸபாவில், 13ஆம் ஆயத்து, தாவூது நபி (அலை) அவர்களின் குடும்பத்தாரை நோக்கி நன்றியைச் 'சொல்ல' ஏவவில்லை. 'அமல் செய்ய' ஏவுகிறது. நன்றியுடையோர் சொற்பமே என்பதும் அதே ஆயத்தில்தான்.

வியாபாரிக்கு அந்த அமல் எது? நாற்பதில் ஒன்றான ஜகாத் ஆண்டுக்கொரு முறை. பித்ரா பெருநாள் தொழுகைக்கு முன். அன்றாடத்துக்கு? துணியை அளவு குறையாமல் கிழித்துக் கொடுப்பது. காலை முதல் நோன்புடன் நின்ற சிப்பந்தியை மஃரிபுக்கு முன்பே பள்ளிவாசலுக்குக் கஞ்சி குடிக்க அனுப்புவது. கூட்டம் முட்டும் நேரம் அதுதான் என்பது நமக்கும் தெரியும். "இன்னும் ஒரு கிராக்கி" என்று அவரை நிறுத்தி வைத்தவர்களே நாமும்.