புயல் எச்சரிக்கை நாட்களில் மனதுக்கு

புயல் சின்னம் என்றாலே, 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வாட்ஸ்அப் குழுக்களை மியூட்டில் போடுங்கள்; பழைய வீடியோக்கள் எல்லாம் அன்றுதான் உயிர்பெறும்! சிவப்பு எச்சரிக்கை இல்லாதவரை வானிலை மையத்தின் அறிக்கையைக் காலை, மாலை பார்த்தால் போதும்.

கைக்கு வேலை கொடுங்கள். ரேஷன் கார்டு, பத்திரங்களை பிளாஸ்டிக் கவரில் போடுவது, குடிநீர் பிடித்து வைப்பது, பவர் பேங்க்கை சார்ஜ் செய்வது என்று இறங்கிவிட்டால் பதற்றம் கொஞ்சம் அடங்கும். குழந்தைகளிடம் “ஒண்ணும் ஆகாது” என்று மழுப்பாமல், தண்ணீர் ஏறினால் யார் வீட்டு மாடிக்குப் போவோம் என்று சொல்லிவிடுங்கள். இரவில் படபடத்தால், மூச்சை இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள்.

மழை விட்டு இரண்டு வாரமாகியும் தூக்கம் பிடிக்கவில்லையா? 14416-ஐ அழையுங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.