ஓய்வுக் காலத்தில் படகு மின்கலம்

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குப் பழுது பார்க்கப்படுகிறது, வண்ணம் பூசப்படுகிறது, வலைகள் சீராகின்றன. மின்கலத்தை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். மக்கள் வழக்கில் பேட்டரி எனப்படும் அதுவே எஞ்சினைக் கிளப்புவது. விளக்கையும் வயர்லெஸ் கருவியையும் இயக்குவது. நடுக்கடலில் அது கைவிட்டால் உதவி கோரவும் வழியிராது.

பயன்படுத்தாதிருப்பினும் ஈய அமில மின்கலம் தன் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாக இழக்கும். கோடை வெப்பம் அவ்விழப்பை விரைவுபடுத்தும். மின்னூட்டம் குறைந்தே கிடக்குமாயின், தகடுகளில் படியும் ஈய சல்பேட்டு நாளடைவில் இறுகிப் படிகமாகும். பின்னர் எத்துணை மின்னேற்றினும் அது முழுதும் கரையாது. எனவே தடை தொடங்கியதுமே முழுமையாக மின்னேற்றி, எதிர்மின்முனைக் கம்பியை முதலில் கழற்றி, மின்கலத்தை நிழலில் வைத்தல் வேண்டும். முழுநிலையில் 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். மாதம் ஒருமுறையேனும் அளந்து, 12.4க்குக் கீழிறங்கியிருப்பின் மீண்டும் மின்னேற்றுக.

மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே சிறு பொறியும் தீ மூட்டிவிடும். மூடிய எஞ்சின் அறையில் மின்னேற்றுவோரும், அருகிலமர்ந்து பீடி பற்றவைப்போரும் இதனை எண்ணுவதேயில்லை! கவ்விகளைப் பொருத்திய பின்னரே மின்னேற்றியை இயக்குக. நிறுத்திய பின்னரே கழற்றுக. மூடி திறக்கும் மின்கலமாயின், தகடுகள் அமிலநீரில் மூழ்கியுள்ளனவா எனக் காண்க. குறைவைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே நிரப்புக. கடல்நீர் அறவே கூடாது. மின்கலத்துள் புகுந்தால் அதன் உப்பினின்று நச்சுக் குளோரின் வாயு உண்டாகும்.