மின்கம்பி வழியே வைஃபை

கேள்வி: எங்கள் வீடு கனத்த சுவர் கொண்ட பழைய வீடு. முன்னறை வைஃபை பின்கட்டுக்கு எட்டவில்லை. பவர்லைன் கருவி உதவுமா? அது பாதுகாப்பானதா?
– வாசகர், ராதாபுரம்

பதில்: வயரிங் ஒத்துழைத்தால் நிச்சயம் உதவும். ஒரு கருவியை ரவுட்டருக்குப் பக்கத்திலும், வைஃபை வசதியுள்ள இன்னொன்றைப் பின்கட்டிலும் செருக வேண்டும். வீட்டின் மின்கம்பியே இணையத்தைக் கடத்திவிடும். சுவரை உடைக்க வேண்டியதில்லை.

சிக்கல் த்ரீ பேஸ் இணைப்பில்தான் வரும். முன்னறை ஒரு பேஸிலும் பின்கட்டு வேறு பேஸிலும் இருந்தால் வேகம் படுத்துவிடும், சில வீடுகளில் இணைப்பே கிடைக்காது. எந்த அறை எந்த பேஸில் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. ஸ்பைக் பஸ்டரில் செருகவே கூடாது. அது சிக்னலை இரைச்சலென்று நினைத்து வடிகட்டிவிடும். நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். கரண்ட் போனால்? ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடினாலும், சாதாரண லைனில் உள்ள கருவி அணைந்துவிடும்.

பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்றிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். அந்த ரகக் கருவிகள் பலவற்றில் கேபிள் துளையின் எல்லையே 100 எம்பிபிஎஸ்தான்.

பாதுகாப்பில் அலட்சியம் ஆபத்து. சிக்னல் மீட்டரைத் தாண்டியும் கசியக்கூடும். ஹோம்பிளக் ஏவி வகைக் கருவிகளில் 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் உண்டு. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே பொதுச் சாவி. முதல் கருவியில் ‘பேர்’ பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் அடுத்ததிலும் அழுத்தினால் அந்த வீட்டுக்கென்று தனிச் சாவி உருவாகும். பின்கட்டுக் கருவியின் வைஃபைக்கும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்து, நீளமான பாஸ்வேர்டு வைக்க வேண்டும். செல்போன் எண் வேண்டவே வேண்டாம்.